மரக்காலையில் கழன்ற கிராம்பன்: ஒரு நிகழ்வு ஆய்வு

கிராம்பன் கழன்றது கொட்டாஞ்சேனைக்கு அப்பால் ஒரு மரக்காலையில். கிராம்பன் என்பது பனியில் வழுக்காதிருக்கச் சப்பாத்தின் அடியில் பூட்டும், பற்கள் வைத்த உலோகச் சட்டம். சனிக்கிழமை காலை 10 மணி, வெயில் ஏறியிருந்தது. மலையேறும் சப்பாத்தும் அதன் அடியில் 12 உருக்குப் பற்களுமாக நின்று, சாய்த்து நிறுத்திய ஒரு மரக்குற்றியை நான் உதைத்துக்கொண்டிருந்தேன். ஆறாவது உதையில் முன்பற்கள் மரத்திலேயே நின்றுவிட்டன. என் கால் மட்டும் கீழே வந்தது. கிராம்பன் கணுக்கால் பட்டியில் தொங்கியது. பலகை அடுக்கிக்கொண்டிருந்த பொடியன் குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணே, பூட்டு சரியில்லயே" என்றான்.

அவன் சொன்னதுதான் இந்த ஆய்வின் முடிவு. பூட்டு ஏன் சரியில்லை, அதை நான் ஏன் முன்பே காணவில்லை, பிறகு என்ன செய்தோம் என்பதெல்லாம் இனி.

பின்னணி

நானும் தங்கச்சியும் நேபாளத்து ஐலண்ட் பீக் போவதென்று தீர்மானித்திருந்தோம். உள்ளூர்ப் பெயர் இம்ஜா சே, உயரம் 6,189 மீற்றர். டிங்போச்சே கிராமத்திலிருந்து பார்த்தால் பனிக்கடல் நடுவே தீவு போல நிற்கும், பெயர் அப்படி வந்தது. எங்கள் நாட்டின் ஆக உயர்ந்த பிதுருதாலகல 2,524 மீற்றர்தான். எங்கள் இருவரின் மலை அனுபவமோ சிவனொளிபாதமலைப் படிகளோடு சரி. 2016 மே 21 அன்று ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ட் உச்சியில் நின்ற முதல் இலங்கையர் ஆனார். அதற்குப் பிறகு கொழும்பில் "பனிமலைக்குப் போகிறேன்" என்றால் ஆட்கள் முன்பு போலச் சிரிப்பதில்லை. "சாமான் எங்கே வாங்குவீர்கள்?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. காலி வீதிக் கடை ஒன்றில் கிராம்பன் இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் கராம்பு என்று விளங்கிக்கொண்டு பக்கத்துப் பலசரக்குக் கடையைக் காட்டினார்.

வெள்ளவத்தையில் எந்த வீட்டை எடுத்தாலும் வெளிநாட்டில் ஒரு சொந்தம் இருக்கும். எங்களுக்குச் சூரிச்சில் மாமா மகன். மச்சான் அங்கே மலையேறிப் பழகியவன். லீவுக்கு வந்த சித்தியின் பெட்டியில், சொக்கலேட் பக்கற்றுகளுக்கு நடுவே, தன் பழைய சப்பாத்து ஒரு சோடியும் கிராம்பன் ஒரு சோடியும் கொடுத்துவிட்டான். கால் அளவு எனக்கும் அவனுக்கும் 42. செலவு முடிந்தது என்று நினைத்தேன்.

சப்பாத்து வாய் பிளந்தது

அந்தச் சப்பாத்து எங்கள் அலுமாரிக்கு மேலே எட்டு மாதம் இருந்தது. பிறகு முதுகில் 10 கிலோ பையோடு, வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி வரை கடற்கரை வீதியில் நடந்து பழகத் தொடங்கினேன். மூன்றாம் நாள் மாலை இடது அடிப்பாகம் முன்னாலிருந்து பாதி வரை முதலை வாய் மாதிரிப் பிளந்தது. உள்ளே இருந்த நடுப்படை கையில் பிடித்தால் பிட்டு மாதிரி உதிர்ந்தது.

கொழும்பில் கலியாணச் சப்பாத்தை வருடத்துக்கு ஒருமுறை எடுத்துப் போடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. மலையேறும் சப்பாத்துகள் பலவற்றின் நடுப்படை பொலியூரித்தேன். காற்றிலுள்ள ஈரம் அதன் மூலக்கூற்றுச் சங்கிலிகளை மெல்ல மெல்ல அறுக்கும். வெக்கையும் புழுக்கமும் கூடின இடத்தில் அது இன்னும் வேகமாக நடக்கும். போடாமல் வைத்திருப்பதும் காப்பாற்றாது. மச்சானின் சப்பாத்துக்கு ஏற்கெனவே பத்து வயதுக்கு மேல். சுவிஸ் குளிரில் இன்னும் சில காலம் தாக்குப்பிடித்திருக்கலாம். கடற்காற்று அடிக்கும் நான்காம் மாடியில் அதன் கதை முடிந்தது. இது 5,800 மீற்றரில் நடந்திருந்தால் என்று அன்று இரவு யோசித்தேன், தூக்கம் வரவில்லை.

சரி, புதுச் சப்பாத்து. வேலை விடயமாகச் சிங்கப்பூர் போன இடத்தில் வாங்கினேன். கிராம்பன் பூட்டலாமா என்று கேட்டேன். பூட்டலாம் என்றார்கள். அது பொய்யல்ல. எந்தக் கிராம்பன் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

என்ன பிழைத்தது

கிராம்பனைச் சப்பாத்தோடு பிணைக்கும் முறைகள் மூன்று. அவற்றைப் புரிந்துகொள்ள முதலில் சப்பாத்தின் திண்ணையைப் பார்க்க வேண்டும். வெல்ட் என்பார்கள். அடிப்பாகம் மேற்பாகத்தைவிட வெளியே நீண்டு, அதற்கு மேல் ஒரு பள்ளம் ஓடும். வீட்டுத் திண்ணை மாதிரி இருப்பதால் நானும் தங்கச்சியும் அப்படியே கூப்பிட்டோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். சில சப்பாத்துகளுக்கு முன்னும் பின்னும் திண்ணை உண்டு, சிலவற்றுக்குப் பின்னால் மட்டும். சாதாரண நடைச் சப்பாத்துக்கு இரண்டும் இல்லை.

முன்னும் பின்னும் திண்ணை இருந்தால் முழுப்பூட்டுக் கிராம்பன் போடலாம். முன்னால் ஓர் உருக்குக் கம்பி திண்ணையில் உட்காரும், பின்னால் ஒரு லீவர் குதித் திண்ணையில் ஏறி டக்கென்று பூட்டும். பின்னால் மட்டும் திண்ணை உள்ளதற்கு அரைப்பூட்டு. லீவர் அதேதான், முன்னால் கம்பிக்குப் பதில் வளையும் பிளாஸ்டிக் கூடை விரல் பக்கத்தை அணைத்துக்கொள்ளும். திண்ணையே இல்லாததற்குப் பட்டிக் கிராம்பன். முன்னும் பின்னும் கூடை, நடுவே இறுக்கும் பட்டி. கிராம்பன் செய்யும் கிரிவெல் நிறுவனம் தன் ஜி12 மாதிரியை இந்த மூன்று பிணைப்போடும் விற்கிறது. பற்கள் ஒன்றேதான், பூட்டு மட்டும் வேறு. ஆகவே "ஜி12 நல்லதா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. "உன் சப்பாத்துக்கு எந்த ஜி12?" என்றால் சொல்லலாம்.

சப்பாத்தின் விறைப்பும் இதில் சேரும். பிரித்தானியக் கடைகள் சப்பாத்தை பி0 முதல் பி3 வரையும் கிராம்பனை சி1 முதல் சி3 வரையும் தரம் பிரிக்கின்றன. பி0 வளையும் சப்பாத்து, கிராம்பனுக்கு உதவாது. பி1க்குப் பட்டிக் கிராம்பனான சி1 மட்டும். பி2க்கு சி1, அரைப்பூட்டான சி2. முழுக்க விறைத்த பி3க்கு மூன்றும். தரத்தில் மேலே உள்ள சப்பாத்துக்குத் தரத்தில் கீழே உள்ள கிராம்பன் போகும், மறுவளமாகப் போகாது. வளையும் சப்பாத்தில் விறைத்த கிராம்பனைப் பூட்டினால் ஒவ்வோர் அடிக்கும் சப்பாத்து வளைய, கிராம்பன் வளைய மறுக்கும். அந்த இழுபறியில் பூட்டு கழலும், அல்லது கிராம்பனின் முன்பாதியையும் பின்பாதியையும் இணைக்கும் நடுப்பட்டை நாளடைவில் முறியும்.

நான் வாங்கியது பி2. பின்னால் அருமையான திண்ணை, முன்னால் உருண்டு வழவழத்த றப்பர். மச்சானின் கிராம்பன் முழுப்பூட்டு, சி3. பொருந்தாது.

வீட்டில் ஏன் பிடிபடவில்லை? இதைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எல்லோரும் சொல்லும் சோதனையை நான் செய்தேன். சப்பாத்தில் கிராம்பனைப் பூட்டி, கணுக்கால் பட்டியைக் கட்டாமல், தலைகீழாகத் தூக்கி உலுக்கினேன். விழவில்லை. காரணம் திண்ணையல்ல, லீவர். முன்கம்பி கொஞ்சம் ஆடுவது போலத் தெரிந்ததால் லீவரின் திருகை இன்னும் மூன்று சுற்று இறுக்கியிருந்தேன். அந்த இழுவிசையில் கம்பி மெத்தென்ற றப்பரில் புதைந்து நின்றது, அவ்வளவுதான். மரத்தை உதைத்தபோது பி2 அடிப்பாகம் நூல் அளவு வளைந்தது. இழுவிசை ஒரு கணம் தளர்ந்தது. பிடிக்கத் திண்ணை இல்லாத கம்பி வழுக்கி மேலே ஏறியது. உலுக்குவது நல்ல சோதனைதான். ஆனால் அதற்கு முன் கண்ணால் பார்க்க வேண்டும். கம்பியின் இரண்டு பக்கமும் திண்ணைப் பள்ளத்தில் இடைவெளியில்லாமல் உட்கார்ந்திருக்கிறதா? இல்லையென்றால் உலுக்கலில் தேறியதற்கு மதிப்பில்லை.

மரக்குற்றி யோசனை தங்கச்சியுடையது. அதற்கு முன் மீன் கடைக்குப் போடும் ஐஸ் கட்டி ஒன்றை வாங்கிக் குளியலறையில் வைத்தோம். அது நனைந்து வழுக்கிக்கொண்டு ஓடியதே தவிர ஒன்றும் சொல்லித் தரவில்லை. அம்மாவின் ஏச்சு தனி. மரம் நகராது, பல்லை இறுக்கிப் பிடிக்கும், ஆகவே பிணைப்பின் பலவீனத்தை ஐஸைவிட வேகமாகக் காட்டிக்கொடுக்கிறது. பழைய மென்மரக் குற்றியாகக் கேளுங்கள். பாலை, முதிரை மாதிரி வைரமான மரத்தை உதைத்தால் பல் மழுங்கும்.

திரும்பச் செய்தது

மச்சானுக்குப் படம் அனுப்பினேன். சிரித்துவிட்டு, பற்கள் உள்ள சட்டத்தை மாற்றத் தேவையில்லை, முன்பூட்டை மட்டும் மாற்றலாம் என்றான். பெரிய தயாரிப்பாளர்கள் பலர் முன்கம்பி, முன்கூடை, நடுப்பட்டை எல்லாவற்றையும் தனி உதிரிப்பாகமாக விற்கிறார்கள். அவன் அனுப்பியது ஒரு சோடி முன்கூடையும் ஒரு சோடி நீளமான நடுப்பட்டையும். கூடையை மாட்டினோம். அதே மரக்காலை, அதே குற்றி, இருபது உதை. அசையவில்லை. பொடியன் இம்முறை தலையை மட்டும் ஆட்டினான்.

நீளப்பட்டை எதற்கு என்று நான் கேட்டேன். அங்கேதான் அடுத்த பிழை வெளியே வந்தது. எங்களுக்கு ஒழுங்கு செய்த வழிகாட்டி, உச்சிக்குப் போகும் இரவுக்கு இரட்டைச் சப்பாத்து கட்டாயம் என்று எழுதியிருந்தார். ஒரு சப்பாத்துக்குள் இன்னொன்று, குளிருக்கு. அதைக் காத்மண்டுவில் வாடகைக்கு எடுப்பதாகத் திட்டம். நான் சிங்கப்பூரில் கொட்டிய காசு உச்சிக்கு உதவாது என்பது அப்போதுதான் உறைத்தது. அதோடு, இரட்டைச் சப்பாத்தின் வெளிக்கூடு பருத்தது. 42 காலுக்கான கூடு சாதாரணச் சப்பாத்தின் 44, 45 அளவுக்கு நீளும். மச்சானின் பட்டை அதற்கு எட்டுமா என்று தெரியாது.

ஆக, கண்ணால் காணாத ஒரு சப்பாத்துக்குக் கொழும்பில் இருந்துகொண்டு கிராம்பன் தெரிவு செய்ய வேண்டும். விடை: ஒரு சட்டம், இரண்டு வகை முன்பூட்டு, இரண்டு அளவு நடுப்பட்டை, ஒரு சின்னத் திருப்புளி. மொத்தப் பாரம் கால் கிலோ கூடியிருக்கும். இதைத்தான் இப்போது கேட்கிறவர்களுக்கும் சொல்கிறேன். சப்பாத்தை வாடகைக்கு எடுப்பதானால் கிராம்பனையும் அதே கடையில், அதே மேசையில் பொருத்திப் பார்த்து எடுங்கள். இல்லாவிட்டால் முன்பூட்டை மாற்றக்கூடிய சட்டத்தைக் கொண்டுபோங்கள்.

பற்களைப் பற்றி

நான் முதலில் மாதக்கணக்காகப் படித்தது பற்களைப் பற்றித்தான். பார்க்க அழகாக இருப்பது அதுதானே. 1908இல் ஒஸ்கார் எக்கென்ஸ்டைன் என்ற ஆங்கிலேய இரயில்வேப் பொறியியலாளர் 10 பல் கிராம்பனை வடிவமைத்தார். இத்தாலியின் கூர்மாயர் ஊரில் ஹென்றி கிரிவெல் தன் கொல்லுப்பட்டறையில் அதைச் செய்து கொடுத்தார். 1929இல் அதே குடும்பத்து லோரன் கிரிவெல் முன்னால் நீட்டும் 2 பற்களைச் சேர்த்தார். 1938இல் சுவிஸ் மலையான ஐகரின் வடக்குச் சுவரில் ஹெக்மயர், ஃபோர்க் என்ற இரு மலையேறிகள் 12 பல்லோடு ஏறி, முன்னே போன இருவரையும் எட்டிப் பிடித்தார்கள். அந்த இருவரில் காஸ்பரெக்கிடம் 10 பல், ஹாரரிடம் கிராம்பனே இல்லை. பிறகு நால்வரும் சேர்ந்து உச்சிக்குப் போனார்கள். இந்தக் கதையைப் படித்துப் படித்து முன்பல் மயக்கம் பிடித்திருந்த எனக்கு, முன்கம்பி எங்கே உட்காருகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

ஐலண்ட் பீக் மாதிரி இடத்துக்குத் தெரிவு கடினமல்ல. 12 பல், கிடையான முன்பல், உருக்கு. நிமிர்ந்த முன்பல் செங்குத்து ஐஸில் ஏறுகிறவர்களுக்கு. அலுமினியம் பாரம் குறைவு, ஆனால் பனிச்சறுக்கிப் போகிறவர்களுக்குச் சரி. இங்கே பாறையிலும் கால் படும், அலுமினியப் பல் சீக்கிரம் மொட்டையாகும். சங்கிலி கோத்த றப்பர் வளையம் ஒன்றும் இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது. ஒரு நண்பர் அது போதாதா என்று கேட்டார். உறைந்த நடைபாதைக்குப் போதும், சரிவுக்குப் போதாது.

அடித்தட்டு இல்லாமல் வாங்காதீர்கள். மதியம் இளகிய பனி பற்களுக்கு நடுவே அப்பிக்கொண்டு உருண்டை கட்டும், பல் நிலத்தில் படாது. யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டத்தில் மழைக்குப் பிறகு நடந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. செருப்பு ஒவ்வோர் அடிக்கும் ஒரு அங்குலம் உயரும் அல்லவா, அதேதான். அடியில் பூட்டும் பிளாஸ்டிக் தட்டு அந்த உருண்டையைத் தள்ளிவிடும்.

கொழும்புக்கே உரிய இன்னொன்று துரு. கடற்கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறோம், எங்கள் வீட்டு யன்னல் கம்பியே வருடத்தில் இரண்டு முறை பூச்சுக் கேட்கும். கிராம்பன் பற்களில் செம்புள்ளி வந்தது. அதைப் போக்கி, மழுங்கலையும் தீட்டிவிடலாம் என்று பஞ்சிகாவத்தையில் தெரிந்த ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். பாஸ் கிரைண்டரைக் கையில் எடுத்துவிட்டார். தடுத்தேன். கிரைண்டர் சூட்டில் உருக்கு நீலம் பாயும், பதம் போகும், பிறகு அந்தப் பல் வளையும் அல்லது முறியும். கை அரத்தால், விளிம்புப் பக்கமாக மட்டும், ஆறுதலாக ராவ வேண்டும். "இதுக்கு என்னத்துக்கு தம்பி என்னட்ட வந்தனீங்க?" என்று கேட்டார். நியாயம்தான். ஓர் அரத்தை இரவல் தந்து, தேத்தண்ணியும் வாங்கித் தந்தார்.

தமேலும் பிறகும்

விமானத்தில் கிராம்பனை ஒப்படைக்கும் பெட்டிக்குள் வைத்தோம். பற்களுக்குப் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி மாட்டினோம்.

காத்மண்டுவின் தமேலில் வாடகைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எனக்கு முதல் கடையிலேயே நல்ல இரட்டைச் சப்பாத்து கிடைத்தது, திண்ணை கூர்மையாக இருந்தது. தங்கச்சிக்குத்தான் கஷ்டம். அவள் கால் 37. அந்த அளவில் மூன்று கடைகளில் இரண்டு சோடி. ஒன்றில் உள்சப்பாத்து கிழிந்திருந்தது. மற்றதில் எல்லாம் நன்று, முன்திண்ணை மட்டும் தேய்ந்து உருண்டிருந்தது. எத்தனை பேரின் கம்பி அதில் ஏறி இறங்கியதோ. கடைக்காரர் தன் முழுப்பூட்டுக் கிராம்பனை மாட்டிக் காட்டி, உலுக்கி, "பாருங்கள், நிற்கிறது" என்றார். எனக்கு மரக்காலை ஞாபகம் வந்தது.

மச்சானின் சட்டத்தை எடுத்தோம். முன்கூடை, குட்டையான நடுப்பட்டை. பத்து நிமிடம். முன்பல் சப்பாத்து நுனிக்கு வெளியே 2 சென்டிமீற்றர் நீண்டது, அது அளவு. குதிக்குப் பின்னால் பட்டை நீட்டிக்கொண்டிருக்கவில்லை. பக்கிள் இரண்டு காலிலும் வெளிப்பக்கம் வருகிறதா என்று பார்த்தோம். உள்பக்கம் வந்தால் மற்றக் காலின் பல் அதில் கொழுவி ஆளை விழுத்தும். ஆக, எனக்கென்று வந்து, என் காலில் கழன்று, எனக்காகத் திருத்திய கிராம்பன் தங்கச்சிக்குப் போனது. எனக்கு அந்தக் கடையின் முழுப்பூட்டு, வாடகைக்கு.

கொழும்பில் செய்த பயிற்சிகளில் மலையில் உண்மையாக உதவியது ஒன்றுதான். மின்விசிறியை நிறுத்தி, லைட்டை அணைத்து, தடித்த கையுறையோடு பூட்டிக் கழற்றுவது. ஒவ்வோர் இரவும் ஐந்து தரம், வியர்த்துக் கொட்ட. பனியாற்றின் விளிம்பில், விடியாத இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில் கிராம்பன் பூட்டும் இடம் வரும். எங்களுக்கு முன்னே வந்த ஒருவர் பட்டியை இறுக்கக் கையுறையைக் கழற்றிவிட்டு விரல்களை ஊதிக்கொண்டிருந்தார். தங்கச்சி பூட்டி முடித்து, மிஞ்சிய பட்டி நுனியைச் செருகிவிட்டு எழுந்தாள். நான் அவளைவிடக் கொஞ்சம் தாமதம்.

மேலே நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிலைக்கயிறு கட்டிய பெரிய சரிவின் அடியில் நான் திரும்பினேன். வயிறு முதல் நாளிலிருந்தே சரியில்லை, கிராம்பன் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தங்கச்சி வழிகாட்டியோடு போனாள், உச்சி தொட்டாள், மதியம் இறங்கி வந்தாள். வந்ததும் கேட்டேன், கூடை அசைந்ததா என்று. "நீ அதைத்தான் கேட்பாய் என்று தெரியும்" என்றாள். இடது காலில் ஒருமுறை பட்டி தளர்ந்தது, இறங்கும்போது, நின்று இறுக்கினாளாம். கூடை அசையவில்லை.

இப்போது அந்தக் கிராம்பன் எண்ணெய் தடவிய துணியில் சுற்றி எங்கள் அலுமாரிக்குள் இருக்கிறது. மச்சான் போன கிழமை திருப்பிக் கேட்டான். புதுச் சப்பாத்து வாங்கியிருக்கிறானாம். முன்னுக்குத் திண்ணை இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "பொறு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று வந்தது.